கடைசி ஸ்டேஷனுக்கு வந்த வளையல் வண்டி

காலைத் தூக்கி என் வயித்து மேல போடாதடி பொம்மி, நான் என்ன தலகாணியா? நகரு. இன்னும் கொஞ்சம் நகரு. உங்கம்மா நாளைக்கு வந்துருவா. இன்னைக்குப் பட்டணம் முழுக்க பஸ் ஓடலை, அவ என்ன ரெக்கை கட்டிக்கிட்டா வருவா? அழாதே. மூக்கைத் துடை. ஐயே, என் முந்தானையில இல்லடி, உன் பாவாடையில! அந்தா பாரு உங்க அண்ணன், தலை சாயறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டான். கொர்ர்ர்ர்... அதைக் கேட்காதே, பெரியம்மா சொல்ற கதையைக் கேளு. நீ ‘ம்’ கொட்டணும். ‘ம்’ நின்னா கதையும் நின்னுரும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு தண்டவாளம் இருந்துச்சாம்.

“ம்.”

அந்தத் தண்டவாளத்துல ரயிலே இல்லையாம்.

“ஏன்?”

‘ம்’ கொட்டுன்னா கேள்வி கேட்குது பாரு! சொல்றேன். ஒரு பெரிய பட்டணம். அந்தப் பட்டணத்தைச் சுத்தி, பாதி வளையல் மாதிரி, ஒரு தண்டவாளம். இந்தக் கோடியில ஒரு ஸ்டேஷன், அந்தக் கோடியில ஒரு ஸ்டேஷன், நடுவுல மூணு ஸ்டேஷன். அதுல ஒரு சின்ன வண்டி, தடக் தடக், தடக் தடக்னு போயிட்டு வந்துட்டு இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் ரயில்வேக்காரங்க வந்தாங்க. “இந்த வண்டியில ஆளே ஏற மாட்டேங்குது, காக்காதான் ஏறுது”ன்னு சொல்லி, ஸ்டேஷனுக்கெல்லாம் டொக்கு டொக்குனு பூட்டைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. வண்டி நின்னு போச்சு. பட்டணத்துக்காரங்க கவலையே படலை. அவங்களுக்கு பஸ் இருக்கு, ஆட்டோ இருக்கு, மேம்பாலம் இருக்கு. கவலைப்பட்டது ரெண்டே பேரு. ஒரு அக்கா, ஒரு தங்கச்சி.

“பேரு என்ன?”

பேரு எதுக்கு உனக்கு? பெரியவ, சின்னவ. அது போதும். அவங்களுக்கு அப்பா அம்மா இல்ல. பெரியவளைக் கடைசி ஸ்டேஷன்ல கட்டிக் குடுத்தாச்சு. சின்னவ இந்தக் கோடியில, கொய்யாத்தோப்பு ஸ்டேஷனுக்குப் பின்னாடி வீட்டுல இருந்தா. வண்டி ஓடின வரைக்கும், வாராவாரம் சின்னவ ஒரு தூக்குல குழம்பை ஊத்திக்கிட்டு ஏறுவா, அந்தக் கோடியில பெரியவ பிளாட்பாரத்துலயே நிப்பா. பார்த்ததும் ரெண்டும் சிரிக்கும். எதுக்குச் சிரிக்குதுங்கன்னு அதுங்களுக்கே தெரியாது. சிரிச்சுச் சிரிச்சு, தூக்கு சரிஞ்சு, குழம்பு கொட்டி, அதுக்கும் சிரிக்கும். கூட இருக்குறவங்களுக்கும் தொத்திக்கும். ஸ்டேஷன் மாஸ்டர்கூட ஒருநாள் சிரிச்சுச் சிரிச்சுக் கொடி காட்ட மறந்துட்டாரு.

“பஸ்ல போகலாம்ல?”

கேட்டியே ஒரு கேள்வி! அதுதான் கஷ்டமே. அந்தக் குடும்பத்துக்கே பஸ் ஆகாது. பஸ்ஸைத் தூரத்துல பார்த்தாலே வயித்தைப் புரட்டும். ஆட்டோவும் ஆகாது, காரும் ஆகாது, பெட்ரோல் வாசம் பட்டாலே உவ்வே! சிரிக்காதடி, நேத்து வர்ற வழியில உங்கப்பா சட்டை பூரா வாந்தி எடுத்து வச்சது யாரு? ம்? ரயில் ஒண்ணுதான் அதுங்களுக்கு ஒத்துக்கும். ரயில் நின்னதும் அக்கா அங்க, தங்கச்சி இங்க. பட்டணம் நடுவுல உக்காந்துக்கிச்சு.

அப்போ, பெரியவ முழுகாம இருந்தா. வயித்துல பாப்பா. ரொம்ப வருஷம் கழிச்சு உண்டான பாப்பா, கேட்டுக்கோ. மாசம் ஆயிருச்சு, வெள்ளிக்கிழமை காலையில வளைகாப்புன்னு நாள் குறிச்சாச்சு. தாய் வீட்டு ஆளு வந்து மொத வளையலைப் போடணும், அப்புறம்தான் மத்தவங்க போடணும். தாய் வீட்டுல யாரு இருக்கா? சின்னவ ஒருத்திதான்.

பெரியவளுக்கு ஒரு மாமியார். இங்க கிட்ட வா, இதை மெதுவாத்தான் சொல்லணும், பக்கத்து ரூமுக்குக் கேட்டுறப் போவுது. வாய்னா வாய், அப்படி ஒரு வாய்! அந்த மாமியார் சொல்லுச்சு: “உன் தாய் வீட்டுலேருந்து யாருடி வரப் போறா? ரயில் வந்தாத்தானே உன் தங்கச்சி வருவா? ரயில் வரட்டும், நானே பிளாட்பாரத்துல நின்னு ஆரத்தி எடுக்குறேன்!” சொல்லிட்டு வெத்தலையை மென்னுச்சு, நறுக் நறுக்.

பெரியவ கடைக்குப் போய்ப் போன் போட்டா. “ஏண்டி, நீ ஒருத்தி வந்தாப் போதும்டி. எனக்கும் தாய் வீடு இருக்குன்னு தெரிஞ்சாப் போதும். நீ வரலைன்னா இந்த அம்மா முகத்துல நான் எப்படிடி முழிப்பேன்?”ன்னு சொல்லி அழுதா. சின்னவ உடனே, “ராவுகாலத்துக்கு முன்னாடி உன் முன்னாடி நிப்பேன்க்கா”ன்னுட்டா. சொல்லிட்டாளே தவிர, எப்படின்னு தெரியலை.

“ம்.”

வெள்ளிக்கிழமை விடிஞ்சுது. சின்னவ தலைக்குக் குளிச்சு, பட்டுப் புடவை கட்டி, வளையல்காரர்கிட்ட வாங்கின கண்ணாடி வளையலைப் பை நிறைய எடுத்துக்கிட்டா. பச்சை, சிவப்பு, மஞ்சள், ஊதா. நடந்தா ஜல், நின்னா சில். மொதல்ல பஸ்ஸைத்தான் பார்ப்போம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறினா. கண்டக்டர் விசில் ஊதினாரு, உய்ங்! பஸ் ஒரு ஆட்டம் ஆடுச்சு. சின்னவ வயிறு ரெண்டு ஆட்டம் ஆடுச்சு. “எங்கம்மா போகணும்?”னு கேட்டுக்கிட்டே வந்த கண்டக்டர், இவ முகத்தைப் பார்த்துட்டு, “ஐயோ, இறங்கு தாயி! இப்பதான் பஸ்ஸைக் கழுவினோம்!”னு கத்தினாரு. அவ்வளவுதான். அடுத்த ஸ்டாப்புகூட வரலை.

ரோட்டோரம் நின்னா. அழுகை அழுகையா வருது. எதிர்ல பார்த்தா நம்ம தண்டவாளம். செடி முளைச்சு, துருப் பிடிச்சு, நீளமாப் படுத்துக் கிடக்கு. சின்னவ நினைச்சா, ‘ரயில்தானே நின்னு போச்சு? வழி நின்னு போகலையே.’ புடவையைத் தூக்கிச் செருகினா. பையைத் தோள்ல மாட்டினா. நடந்தா பாரு, ஜல் சில் ஜல் சில், கட்டைக்குக் கட்டை தாவித் தாவி!

அப்புறம் மொத ஸ்டேஷன் வந்துச்சு. ஊமைக்குளம்.

பேருதான் ஊமை. அங்க ஒரே சத்தம். பூட்டின ஸ்டேஷனை அப்பளம் போடுற பொம்பளைங்க பிடிச்சுக்கிட்டாங்க. பிளாட்பாரம் பூராவும் அப்பளம், தண்டவாளம் பூராவும் வேட்டி விரிச்சு அப்பளம். கால் வைக்க இடமில்ல. சின்னவ ஒரு காலைத் தூக்கினா. “நில்லுடி!”ன்னு ஒரு குரல். அங்கம்மான்னு ஒருத்தி, அவங்களுக்கெல்லாம் தலைவி, இடுப்புல கை வச்சு நிக்குறா.

“காலை வச்சே, அப்பளம் நொறுங்கும். அப்பளம் நொறுங்குச்சு, உன் முட்டி நொறுங்கும்!”

“அக்கா, எங்க அக்காவுக்கு வளைகாப்பு. நான் போகணும்.”

“காயட்டும், போ.”

“எப்ப காயும்?”

“சாயங்காலம்.”

சின்னவளுக்கு ஒத்தக் கால்ல நிக்கவும் முடியலை, மறு காலை வைக்கவும் முடியலை, கொக்கு மாதிரி நிக்குறா. அந்த நேரம் பார்த்து வந்துச்சு பாரு காக்காக் கூட்டம்! கா கா கா கான்னு இறங்கி, ஆளுக்கு ஒரு அப்பளம், லபக் லபக். அங்கம்மா கம்பை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் ஓடினா, காக்கா அந்தப் பக்கம் ஓடுது. அந்தப் பக்கம் ஓடினா, இந்தப் பக்கம். சின்னவளுக்கு வந்த ஆத்திரத்துல, பையைத் தலைக்கு மேல தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினா. ஜலஜலஜலஜலஜல! காக்கா எல்லாம் புர்ர்ர்ர்! ஒண்ணு நிக்கலை.

அங்கம்மா கம்பைக் கீழ போட்டா. “ஏ புள்ள, அதை இன்னொரு தடவை ஆட்டு.” ஜலஜலஜல! தூரத்துல உக்காந்திருந்த காக்காவும் புர்ர்ர். “என்னடி அது?”ன்னா. “வளையல்க்கா”ன்னா இவ. “எங்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் குடேன், வழி விடுறேன்”ன்னா அங்கம்மா. வழி கிடைச்சாச் சரின்னு இவளும் ஆளுக்குக் கை நிறையப் போட்டு விட்டா. அவங்க ஒரு வேட்டியைச் சுருட்டிப் பாதம் வைக்குற அளவு வழி விட்டாங்க. இவ நுனிக்கால்ல, டிக் டிக் டிக்னு தாண்டிப் போனா.

தாண்டினாளா? நடக்குறா. பின்னாடி கிலுகிலு, கிலுகிலுன்னு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா, அங்கம்மா! அவளுக்குப் பின்னாடி அத்தனை பொம்பளைங்களும்!

“எங்கக்கா வர்றீங்க?”

“நல்லாக் கேட்டே போ. வளைகாப்பு வளையலைக் கையில போட்டு விட்டுட்டு, எங்க வர்றேங்குற? வளையல் வாங்கினவ வந்து வாழ்த்தலைன்னா வயித்துப் புள்ளைக்கு ஆகுமாடி?”

ஐயோ ராமா! அந்தப் பக்கத்துல அதுதான் வழக்கம். வளைகாப்பு வளையல் கைக்கு ஏறிட்டா, வெத்தலை பாக்கு வச்சு அழைச்ச மாதிரி. அவசரத்துல இவளுக்கு அது மறந்தே போச்சு. வழிக்காகக் குடுத்தா, அது அழைப்பாயிருச்சு! “சாப்பாட்டுக்கு நான் எங்கக்கா போவேன்?”னு தலையில கை வச்சுக்கிட்டா. “வெறுங்கையோட வருவோமா?”ன்னு அங்கம்மா காட்டினா. கூடை கூடையா அப்பளம்.

“அப்போ காக்கா?”

காக்காவுக்கு அவ மருமகளைக் காவல் வச்சுட்டுத்தான் வந்தா. நீ தூங்குறியா, கதை திருத்துறியா?

அப்புறம் ரெண்டாவது ஸ்டேஷன். மூணுகண் பாலம். கீழ வாய்க்கால், மேல ஒத்தப் பாலம், பாலத்துல தண்டவாளம். தண்டவாளத்துக்குக் குறுக்க என்ன படுத்திருக்கு சொல்லு?

“பாம்பா?”

எருமை! கன்னங்கரேல்னு ஒரு எருமை, பாலம் அடைச்சுப் படுத்துக்கிட்டு, அசை போடுது. மசக் மசக். அந்த ஸ்டேஷனை மாடு வச்சிருக்குறவங்க பிடிச்சுக்கிட்டாங்க, டிக்கெட் குடுக்குற ஜன்னல்ல பால் ஊத்துறாங்க. எருமைக்குச் சொந்தக்காரி பேச்சியம்மா ஜன்னல்ல தலையை நீட்டி, “அது எந்திரிக்காதும்மா”ன்னா.

“ஏன்?”

“ரயிலுக்கு மட்டும்தான் எந்திரிக்கும். கன்னுக்குட்டியிலேருந்து அப்படியே பழகிருச்சு. ரயில் நின்னதுலேருந்து அது ராஜாங்கம்தான்.”

தள்ளிப் பார்த்தாங்க. வாலைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தாங்க. தவிடு காட்டிப் பார்த்தாங்க. தவிட்டைத் தின்னுட்டு மறுபடியும் மசக் மசக். வெயில் ஏறுது. சின்னவளுக்கு நெஞ்சுக்குள்ள அக்கா குரல் கேட்குது, ‘நீ ஒருத்தி வந்தாப் போதும்டி.’ அவ வெக்கத்தைத் தூக்கி வாய்க்கால்ல போட்டா. ரெண்டு கையையும் வாய்ல குவிச்சு, “கூஊஊஊ!”ன்னா. எருமை ஒரு கண்ணைத் திறந்துச்சு. மூடிக்கிச்சு.

அப்போ அவ, “கூஊஊ, சிக்கு சிக்கு சிக்கு!”ன்னு காலைத் தட்டினா. எருமை ஒரு காதை ஆட்டுச்சு. அவ்வளவுதான்.

அங்கம்மா சொன்னா, “ஒத்த எஞ்சினைப் பார்த்து யாருடி பயப்படுவா? பெட்டி வேணாமா? ஏ, வாங்கடி எல்லாரும்!” ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடிச்சாங்க. நீளமா நின்னாங்க. சின்னவ முன்னாடி. “கூஊஊஊஊ!” எல்லாரும் பாலத்துப் பலகையில காலைப் போட்டாங்க, தடக் தடக்! தடக் தடக்! கையெல்லாம் ஆட்டினாங்க, கிலுகிலுகிலுகிலு! எருமை அலறிப் புடைச்சு எந்திரிச்சுது பாரு, “ம்ம்ம்மா!”ன்னு ஒரே தாவு, பாலத்துலேருந்து வாய்க்காலுக்குள்ள தொபுக்கடீர்! தண்ணி தெறிச்சு அங்கம்மா மூக்கு வரைக்கும் நனைஞ்சு போச்சு.

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவ சிரிச்சா சும்மா விடுமா? அப்பளக்காரிங்க சிரிச்சாங்க, பேச்சியம்மா சிரிச்சா, பால் வாங்க வந்தவங்க சிரிச்சாங்க. “என் எருமையை எந்திரிக்க வச்ச மகராசி, எனக்கும் ஒரு வளையல் போடு”ன்னு பேச்சியம்மா கையை நீட்டினா. அவ கூட இருந்தவங்களும் நீட்டினாங்க. போட்டா. போட்டதும் என்ன ஆச்சு?

“அவங்களும் வந்தாங்க!”

கெட்டிக்காரி! தயிர்ப் பானையைத் தலையில வச்சுக்கிட்டு அவங்களும் பின்னாடி. கிலுகிலு கிலுகிலு. வண்டி நீண்டுருச்சு.

“ம்.”

மூணாவது ஸ்டேஷன் செம்மண்மேடு. அங்க தண்டவாளத்துக்குக் குறுக்க ஒரு இரும்புக் கேட்டு. பெரிய பூட்டு. பக்கத்துல ஒரு நாற்காலி, நாற்காலியில காத்தவராயன்னு ஒரு வாட்ச்மேன். பழைய சாமானை யாரும் திருடக் கூடாதுன்னு ரயில்வேல அவரை வச்சிருந்தாங்க. தனியா உக்காந்து உக்காந்து, பேச ஆள் இல்லாம, நாற்காலிகிட்டயே பேசுவாரு. இந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் விறைப்பா எந்திரிச்சாரு.

“நில்லு! இது ரயில் போற பாதை. ரயிலைத் தவிர வேற எதுவும் போகக் கூடாது.”

“ரயிலே போகலையே, அண்ணே!”

“அது ரயிலோட தப்பு. சட்டம் சட்டம்தான்.”

சின்னவ சூரியனைப் பார்த்தா. ராவுகாலம் நெருங்கிருச்சு. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தா. அங்கம்மா கண்ணடிச்சா. உடனே எல்லாரும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டாங்க. சின்னவ நெஞ்சை நிமித்தி, “நாங்கதான் அண்ணே ரயிலு!”ன்னா.

“சரிதான்! எஞ்சின் எது?”

“நான்தான்.”

“பெட்டி?”

“இத்தனை பேரும்.”

“சத்தம் வருமா?”

“கூஊஊஊ! தடக் தடக்! கிலுகிலுகிலு!”

காத்தவராயன் ஒரு சுத்து சுத்தி வந்தாரு. குனிஞ்சு அங்கம்மா காலைப் பார்த்தாரு, “சக்கரம் சரியா இருக்கு”ன்னாரு. வேடிக்கையாச் சொல்லலை, நிஜமாவே சொன்னாரு. அப்புறம் கடைசிக்குப் போய்ப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினாரு. “வண்டிக்குக் கடைசியில கொடி காட்டுற கார்டு எங்க? கார்டு இல்லாத வண்டியை விட்டா என் வேலை போயிரும்.”

சின்னவளுக்கு உசுரே போயிருச்சு. இத்தனை தூரம் வந்து, இத்தனை ஆட்டம் ஆடி, கடைசியில ஒரு கார்டுக்காகவா? அப்போ உள்ளேருந்து ஒரு கத்தல். காத்தவராயன் பொண்டாட்டி பட்டம்மா, கரண்டியோட வெளிய வந்தா.

“யோவ், தினமும் அந்தப் பச்சைக்கொடியை நான் துவைச்சு மடிச்சு வைக்கிறேனே, அது எதுக்கு? மூக்கு சிந்தவா? நீயே கார்டா ஏறிக்கோயேன்யா!”

காத்தவராயன் முகத்தைப் பார்க்கணுமே! திருவிழால தொலைஞ்ச புள்ளை அம்மாவைக் கண்ட மாதிரி ஆயிருச்சு. ஓடிப் போய்ப் பழைய கோட்டை மாட்டினாரு. தொப்பையில பொத்தான் எட்டலை, மேல ஒண்ணை மட்டும் போட்டுட்டு, போனாப் போவுதுன்னு விட்டுட்டாரு. கேட்டைத் திறந்தாரு, கிரீச்ச்ச். வண்டி தாண்டினதும் மறுபடியும் பூட்டினாரு, சட்டம் சட்டம்தான். பட்டம்மா புளியோதரைச் சட்டியோட ஏறிக்கிட்டா. “எனக்கு வளையலு?”ன்னா. சின்னவ பைக்குள்ள கைய விட்டு, இருந்ததை எடுத்துப் போட்டு விட்டா. கடைசியில காத்தவராயன் பச்சைக்கொடியை ஆட்டினாரு, விசிலை ஊதினாரு, ப்ர்ர்ர்ர்! எத்தனை வருஷத்து மூச்சோ, தொண்டை கிழிய ஊதினாரு.

வண்டி கிளம்பிருச்சு! அப்பளம் முன்னாடி, தயிர் நடுவுல, புளியோதரை பின்னாடி, கார்டு கடைசியில. ரோட்டுல போறவங்கெல்லாம் வண்டியை நிறுத்திப் பார்க்குறாங்க. கொஞ்சம் பேரு டாட்டா காட்டுறாங்க. இவங்களும் காட்டுறாங்க, கிலுகிலு!

ஏ பொம்மி. தூங்கிட்டியா?

“இல்ல. ம்.”

தூரத்துல கடைசி ஸ்டேஷன் தெரிஞ்சுது. பெயர்ப் பலகையில எழுத்தெல்லாம் அழிஞ்சு போன ஸ்டேஷன். சின்னவளுக்குச் சந்தோஷம் தாங்கலை. அக்காவுக்கு மொதல்ல எந்த வளையலைப் போடலாம், பச்சையா சிவப்பான்னு பைக்குள்ள கைய விட்டா. துழாவினா. இந்த மூலை. அந்த மூலை. பைய உதறினா.

ஒண்ணுகூட இல்ல.

எஞ்சின் டக்குனு நின்னுருச்சு. பின்னாடி வந்த பெட்டியெல்லாம் டமார், டமார், டமார்னு ஒண்ணு மேல ஒண்ணு. தயிர்ப் பானை தப்பிச்சதே பெரிய விஷயம். “என்னாச்சு, சிக்னலா?”ன்னு கார்டு கத்துறாரு. சின்னவ தண்டவாளத்துலயே உக்காந்துட்டா. “என் அக்காவுக்குன்னு எடுத்துட்டு வந்தேன்க்கா. வழியெல்லாம் வாரி வாரிக் குடுத்துட்டு, அவளுக்கு ஒண்ணு வைக்கத் தோணலையே எனக்கு! வெறுங்கையோட போய் எப்படி நிப்பேன்?”னு தேம்பித் தேம்பி அழுதா.

எல்லாரும் அவங்கவங்க கையைப் பார்த்தாங்க. அங்கம்மாதான் இவ தோளைப் பிடிச்சுத் தூக்கினா. “எஞ்சின் உக்காந்து அழுதா பெட்டி என்னடி பண்ணும்? கண்ணைத் துடை. வண்டியை எடு. மத்ததை நாங்க பார்த்துக்குறோம்”னா.

அங்க பிளாட்பாரத்துல என்ன நடக்குது? வீடு சின்னதுன்னு பிளாட்பாரத்துலதான் கோலம் போட்டு, மணை போட்டு, பெரியவளை உக்கார வச்சிருக்காங்க. தலை நிறையப் பூ, முகம் மட்டும் வாடிப் போய்க் கிடக்கு. தண்டவாளத்தையே பார்க்குறா. மாமியார் எந்திரிச்சு நின்னு, “போதும்டி பார்த்தது. ராவுகாலம் வரப் போவுது. என் அண்ணன் பொண்டாட்டியே மொத வளையலைப் போடட்டும். ரயில் வருமாம், தங்கச்சி வருவாளாம்...” அப்படின்னு ஆரம்பிச்சுது.

“கூஊஊஊஊஊ!”

மாமியார் வாயில வெத்தலை அப்படியே நின்னுருச்சு.

தடக் தடக். தடக் தடக். கிலுகிலுகிலுகிலு. ஊரே காதைத் தீட்டுச்சு. ஸ்டேஷனைச் சுத்தி இருந்தவங்கெல்லாம் பிளாட்பாரத்துக்கு ஓடி வந்தாங்க. ஒரு ஆளு, பழக்க தோஷத்துல, டிரங்குப் பெட்டியை வேற தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. “தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க, வண்டி வருது!”ன்னு மாமியாரே கத்துது, தனக்குத் தெரியாமலே!

பெரியவ மணையிலேருந்து எந்திரிச்சா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பார்த்தா. முன்னாடி தலையெல்லாம் கலைஞ்சு, மூஞ்சியெல்லாம் புழுதி, பட்டுப் புடவையில முள்ளு, அவ தங்கச்சி! அவளுக்குப் பின்னாடி பொம்பளைங்க, பொம்பளைங்க, வளைவு வரைக்கும் பொம்பளைங்க! கடைசியில தொப்பை மூடாத கோட்டோட ஒரு பச்சைக்கொடி!

பெரியவ மாமியார் பக்கம் திரும்பினா. “எத்தனை பெட்டி வருதுன்னு பாருங்க அத்தை,”ன்னா. “எங்க தாய் வீட்டுலேருந்து.”

அம்மாடி! அப்புறம் என்ன? சொன்ன வாய் சொன்னதுதானே, மாமியார் பிளாட்பாரத்து விளிம்புல நின்னு ரயிலுக்கு ஆரத்தி எடுத்துச்சு. பெட்டி பெட்டியா எடுத்துச்சு. கை வலிக்க வலிக்க எடுத்துச்சு. எடுத்து முடிச்சதும் பழைய புத்தி எட்டிப் பார்க்குமா, பார்க்காதா? “ரயில் வந்துச்சு, சரி. வளையல் எங்க?”ன்னு கேட்டுச்சு.

சின்னவ தலையைக் குனிஞ்சா. அவ வாயைத் திறக்குறதுக்குள்ள அங்கம்மா முன்னாடி வந்தா. பிளாட்பாரத்து வேப்பமரத்துல ஒரு கொழுந்துக் கொம்பை ஒடிச்சு, வளைச்சு, சின்னவ கையில குடுத்தா. “மொத வளையல் வேப்பிலைக் காப்புதானே? போடு”ன்னா. சின்னவ அக்கா கையில போட்டா. அப்புறம் அங்கம்மா தன் கையிலேருந்து ஒண்ணைக் கழட்டி பெரியவ கையில போட்டா. “எனக்கு ஒண்ணு இருக்கட்டும், உனக்கு ஒண்ணு.” பேச்சியம்மா ஒண்ணு. பட்டம்மா ஒண்ணு. வரிசை நகர நகர, பச்சை, சிவப்பு, மஞ்சள், ஊதா, ஒண்ணுக்கொண்ணு ஜோடியே இல்லாம, மணிக்கட்டு நிறைஞ்சு, முழங்கை வரைக்கும் ஏறிருச்சு. கையைத் தூக்க முடியலை. தூக்கினா ஊருக்கே கேட்குது.

அக்கா தங்கச்சியைப் பார்த்தா. தங்கச்சி அக்காவைப் பார்த்தா. அவ்வளவுதான், ஆரம்பிச்சுருச்சு சிரிப்பு! அங்கம்மா சிரிச்சா, கார்டு சிரிச்சாரு, போட்டிருந்த அந்த ஒத்தப் பொத்தானும் தெறிச்சுப் போச்சு. மாமியார் உதட்டைக் கடிச்சுக் கடிச்சுப் பார்த்துச்சு, முடியலை, வெத்தலைச் சாறு வழிய வழியச் சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்புல, வயித்துக்குள்ள இருந்த பாப்பா, ‘என்னடா அது கிலுகிலு?’ன்னு விட்டுது பாரு ஒரு உதை!

“ம்... அந்தப் பாப்பா எங்க?”

எங்கயா? அந்தா கிடக்குறானே, கொர்ர்ர்ர்னு. உங்க அண்ணன்தான்! பிறக்குறதுக்கு முன்னாடியே ரயில் சத்தம் கேட்டவன், வேற எப்படிடி தூங்குவான்?

“அப்போ... நீங்கதான் அக்காவா?”

ம். இப்ப நான் ‘ம்’ கொட்டுறேன், பார்த்தியா.

“அப்போ எஞ்சின்?”

எஞ்சின் யாரு? சொல்லேன். பஸ் ஏறினா எலுமிச்சம்பழத்தை மூக்குலேருந்து எடுக்காம வர்றது யாரு? பேசும்போதே சிரிக்குறது யாரு? உங்கம்மாதான்டி! பஸ் ஓடலைன்னா என்ன, ரயில் ஓடலைன்னா என்ன? எனக்காக ஒரு வண்டியையே கட்டி இழுத்துட்டு வந்தவ, நீ இங்க இருக்கும்போது வராம இருப்பாளா? நாளைக்குக் காலையில தண்டவாளத்துப் பக்கம் கிலுகிலுன்னு சத்தம் கேட்கும். அப்போ நீ அழாம, பல்லு விளக்கிட்டு, பிளாட்பாரத்துக்கு ஓடணும். என் பச்சை ரவிக்கைத் துணி தர்றேன், கொடி காட்டு.

“ம்...”

விசில் ஊதியாச்சு, கொடி காட்டியாச்சு, கதை கிளம்பிப் போயிருச்சு. கண்ணை மூடுடி, தங்கம். காலை மட்டும் என் வயித்து மேலேருந்து எடு. சரி, வச்சுக்கோ, இருக்கட்டும்.